கடல் கடந்த மேலட்டைகள்

நூலுக்கு முன்னே பாயிரம் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட முடிபு. நன்னூலார் பாயிரத்துக்கு ஏழு பெயர்களைத் தருகிறார். அவற்றுள் முகவுரை, அணிந்துரை என்பன இன்றும் வழக்கில் உள்ளன. புறவுரை, புனைந்துரை என்பன வழக்கிழந்தன. வழக்கிழந்த அவ்விரு பெயர்களும் இக்கால அச்சுநூலின் மேலட்டைக்கு நன்கு பொருந்துவதாக எனக்குத் தோன்றுவதுண்டு. மேலட்டை நூலின் புறத்தே நிற்பது, புனைந்து சொல்வது. சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள் முதலியவற்றோடு ‘கேட்போர்’ என்பதையும் இலக்கணம் சேர்த்துள்ளது. நூல் யார் பொருட்டுச் செய்யப்பட்டது என்பதும் தொடக்கத்திலேயே விளங்க வேண்டும் என்பது இதன் கருத்து. இக்கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

ஒரே படைப்பு ஒரு நாட்டில் ஓர் அட்டையோடும், கடல் கடந்த மற்றொரு நாட்டில் வேறோர் அட்டையோடும் விற்பனைக்கு வருகிறது என்று கொள்வோம். உள்ளிருக்கும் பொருள் மாறவில்லை, கேட்போர் மாறினர். ஆகவே அவ்விரு அட்டைகளையும் அருகருகே வைத்து நோக்கினால், விற்பவர் தம் கேட்போரை எவ்வாறு மதித்தார் என்பது வெளிப்பட்டுவிடும். இதற்கு வீடியோ விளையாட்டுகளின் அட்டைப்பெட்டிகளைவிடத் தெளிவான சான்று வேறு கிடைப்பது அரிது. ஜப்பானில் பிறந்த விளையாட்டுகள் அமெரிக்காவுக்குச் சென்றபோது, பெட்டியின் மேலுள்ள ஓவியம் பெரும்பாலும் மாற்றி வரையப்பட்டது.

சங்க மலரில் இது என்ன பொருள் என்று மூத்தோர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். நம் பிள்ளைகளின் மாலைப்பொழுதில் பாதியைக் கொண்டுபோகும் ஒன்றினை நாம் அறிந்து வைத்திருத்தல் தவறாகாது என்பதே என் விடை. இன்னொரு தயக்கமும் இத்தீவுகளில் உண்டு. ‘ஜப்பான்’ என்ற சொல் நம் பழைய குடிகளின் செவியில் 1942 மார்ச்சு முதல் 1945 வரை நடந்த ஆட்சியையே நினைவூட்டும். கார்பின்ஸ் கோவ் கரையோரம் நிற்கும் கான்கிரீட் பதுங்கு அரண்கள் அக்காலத்தவை. அவற்றைச் சுற்றி விளையாடும் பேரப்பிள்ளைகளுக்கோ ஜப்பான் என்பது சித்திரக்கதைகளின் நாடு. இரண்டும் ஒரே நாடுதான். நான் எழுதப்போவது பின்னதைப் பற்றி.

தமிழர்க்கு இத்தகைய அட்டை மாற்றம் புதிதன்று. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் கதை ‘இரும்புக்கை மாயாவி’. அது 1962இல் ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கில வார இதழில் தோன்றியது. சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆங்கிலத் தலைப்பு எஃகு நகத்தை மட்டுமே சொல்கிறது. தமிழ்த் தலைப்போ, மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் அந்த விந்தையையும் சேர்த்துச் சொல்கிறது. மூலத்தைவிடத் தலைப்பு சிறந்தது என்று துணிந்து கூறுவேன். அந்த வரிசையின் அட்டைகளுட் பலவற்றைச் சிவகாசி ஓவியர்களே புதிதாகத் தீட்டினர். தெய்வப்பட நாட்காட்டிகள் அச்சாகும் ஊர் அது. மளிகைக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் தொங்கப்போகும் தாளுக்கு எத்தகைய வண்ணம் வேண்டும் என்பதை அவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. என் சிறுவயதில் இத்தீவுக்கு அந்நூல்கள் சென்னைக் கப்பலில் வந்தன. மழைக்காலத்து உப்பு ஈரத்தில் அட்டை முதலில் உரிந்துவிடும். மாயாவியை நான் பல ஆண்டுகள் அட்டையில்லாமலேயே அறிந்திருந்தேன். கதை அதனால் குறைந்துவிடவில்லை. ஆயினும் அட்டையோடு கூடிய பிரதியைப் பின்னர் கையில் எடுத்தபோது, ‘இது உனக்காக’ என்று ஒருவர் கூப்பிட்டது போன்ற உணர்வு உண்டாயிற்று. அந்தக் கூப்பிடுதல்தான் மேலட்டையின் தொழில்.

இனி விளையாட்டுப் பெட்டிகளுக்கு வருவோம்.

அமெரிக்க ஓவியர்க்கு முதலில் நீதி செய்ய வேண்டும். 1977இல் அட்டாரி நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையில் தெரிந்தவை சில சதுரங்களும் கோடுகளுமே. ஒரு சதுரம் பீரங்கி வண்டி, மற்றொன்று பகைவன் என்று ஆடுபவரே கற்பித்துக்கொள்ள வேண்டும். அந்த வறுமையை ஈடுசெய்யக் கிளிஃப் ஸ்போன் முதலிய ஓவியர்கள் பெட்டியின்மேல் வானமும் புகையும் வேகமும் நிறைந்த முழு உலகங்களைத் தீட்டினர். அது பொய் என்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கூத்தில் ஒரு முக்காலியே சிங்காதனமாக நிற்கிறது. கட்டியங்காரன் சொல்லக் கேட்டு நாம் அதனைச் சிங்காதனமாகக் காண்கிறோம். அட்டாரியின் அட்டைகள் அத்தகைய கட்டியங்காரர்கள். கேட்போரின் கற்பனையை நம்பி எழுந்த கலை அது.

1983இல் அமெரிக்காவில் இவ்வணிகம் சரிந்தது. தரமற்ற விளையாட்டுகள் குவிந்ததே அதற்கு முதற்காரணம். ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 1985இல் அங்கே கடை விரித்தபோது, தன் முதற்பெட்டிகளின்மேல் திரையில் தோன்றும் அதே கட்டப் படங்களைப் பெரிதாக்கிப் பதித்தது. ‘உள்ளே இருப்பது இதுவே, ஏமாற்று இல்லை’ என்பது அதன் பொருள். ஏமாந்தவரைக் கேட்போராகக் கொண்ட அட்டை இது. அழகு குறைவு, நாணயம் மிகுதி.

அந்த நாணயம் நெடுநாள் நிற்கவில்லை. 1987இல் கேப்காம் நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ‘ராக்மேன்’ அமெரிக்காவில் ‘மெகா மேன்’ ஆயிற்று. ஜப்பானியப் பெட்டியில் இருப்பவன் நீல உடையணிந்த இயந்திரச் சிறுவன், உருண்டை முகம், சித்திரக்கதையின் துள்ளல். அமெரிக்கப் பெட்டியில் நிற்பவரோ நடுவயதைத் தொட்டவர் போன்ற ஒருவர். நீலமும் மஞ்சளும் கலந்த உடை. முறுக்கிய நிலையில் கால்கள். கையில் ஒரு கைத்துப்பாக்கி. பின்னே தென்னை போன்ற மரங்கள். விளையாட்டினுள் அவனுக்குக் கைத்துப்பாக்கியே கிடையாது; அவன் கையே பீரங்கியாக மாறும். தென்னையை எங்கும் காணும் நம் தீவார்க்கும் அம்மரங்கள் அங்கே ஏன் முளைத்தன என்பது விளங்காது. இந்த ஓவியம் உலகெங்கும் நகைப்புக்கு இலக்காயிற்று. 2012இல் கேப்காமே அந்த அட்டை மனிதரைத் தன் மற்றொரு விளையாட்டில் ஒரு பாத்திரமாக உலவவிட்டுத் தன்னைத் தானே எள்ளிக்கொண்டது.

வரைந்தவரின் திறமைக்குறை அன்று இங்கே நாம் நோக்க வேண்டுவது. அமெரிக்கச் சிறுவன் ஒரு சிறுவனைத் தலைவனாக ஏற்கமாட்டான், துப்பாக்கி ஏந்திய ஆடவன் வேண்டும் என்ற எண்ணம் அந்த அட்டையில் தெரிகிறது. பெட்டியைத் திறந்து ஆடிய பிள்ளைகளோ அந்த நீலச் சிறுவனையே விரும்பினர். அட்டையைப் பொருட்படுத்தாமல் அத்தொடர் வளர்ந்தது.

இதே எண்ணம் எவ்வளவு சிறிய கோட்டிலும் வெளிப்படும் என்பதற்குக் ‘கிர்பி’ என்னும் உருண்டைப் பாத்திரம் சான்று. 1992இல் வெளிவந்த முதல் விளையாட்டில் அது ஜப்பானியப் பெட்டியில் இளஞ்சிவப்பு நிறம். அமெரிக்கப் பெட்டியில் வெள்ளை. கைக்கருவியின் திரை வண்ணமற்றதாதலின் அங்குள்ளோர் வெள்ளை எனக் கொண்டனர் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 2000க்குப் பின் வந்த அட்டைகள் பலவற்றில் அமெரிக்கக் கிர்பிக்குப் புருவம் நெரிந்திருக்கும். அதே படத்தின் ஜப்பானியப் பிரதியில் முகம் மலர்ந்திருக்கும். இனிய முகம் எங்கும் கவர்ந்தாலும், அமெரிக்காவில் போரிடும் கிர்பியே மிகவும் எடுபடும் என்று அத்தொடரை இயக்கிய ஒருவரே பின்னாளில் நேர்காணலில் விளக்கினார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டைத் தனி இயலாக வகுத்தது எத்துணை நுட்பம் என்று இங்கே வியக்கத் தோன்றுகிறது. இரண்டே கோடுகள் சாய்ந்தன, உவகை வெகுளியாயிற்று.

புருவம் ஒரு வழிப் பயணம் மட்டும் செய்யவில்லை. அமெரிக்காவில் 2002இல் தோன்றிய ‘ராட்செட்’ என்னும் பாத்திரம் ஜப்பானுக்குச் சென்றபோது அதற்குத் தடித்த கரும்புருவம் ஒட்டப்பட்டது. ஜப்பானியர் மாற்றாமல் ஏற்பவர், அமெரிக்கரே சிதைப்பவர் என்று எவரேனும் எழுதினால் இந்தப் புருவத்தைக் காட்டுக. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய வணிகர் நம் நாட்டுக்கு அனுப்பிய தீப்பெட்டிகளில் நம் தெய்வங்களின் உருவத்தை அச்சிட்டு விற்றதும் இந்த வகையைச் சேர்ந்ததே. கேட்போருக்கு ஏற்ப மேலட்டை மாற்றும் கலையில் அவர்கள் எவர்க்கும் பின்னிற்பவர் அல்லர்.

1986இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ அட்டையை வரைந்தவர் ‘டிராகன் பால்’ சித்திரக்கதையால் புகழ்பெற்ற அகிரா தோரியாமா, 2024இல் மறைந்தார். 1989இல் அமெரிக்காவில் அது ‘டிராகன் வாரியர்’ ஆயிற்று. பெயர் மாறியதற்கு வணிகக்குறி உரிமை காரணம். ஓவியம் மாறியதற்கு அக்காரணம் இல்லை. வாளேந்திய வீரன், எதிரே நெருப்புநாகம். இரண்டு அட்டைகளிலும் பொருள் ஒன்றே. தோரியாமாவின் வீரன் கதை கேட்கும் பிள்ளையின் கனவிலிருந்து வந்தவன். அமெரிக்க வீரன் கவசம் பூண்ட இடைக்கால ஐரோப்பியன். விற்பனை எதிர்பார்த்தபடி அமையாமல் தேங்கிய பிரதிகளை நிண்டெண்டோ தன் இதழின் சந்தாதாரர்க்கு இலவசமாக அளித்தது.

இவையெல்லாம் நகைத்துக் கடக்கத்தக்கவை. நகைக்க முடியாத ஒன்று உண்டு. அதன் பெயர் ‘இக்கோ’; ஆண்டு 2001. கொம்புடன் பிறந்ததால் ஊராரால் பாழ்ங்கோட்டையில் விடப்பட்ட சிறுவன் ஒருவன், அங்கே சிறைப்பட்டிருக்கும் பெண்ணொருத்தியின் கையைப் பற்றிக்கொண்டு வெளியேற முயல்கிறான். அவள் மொழி அவனுக்கு விளங்காது. அவன் மொழி அவளுக்கு விளங்காது. ஆட்டம் முழுவதும் அந்தக் கைப்பற்றுதல்தான். பொத்தானை விட்டால் அவள் கை நழுவிவிடும்.

ஜப்பானிய அட்டையை இயக்குநர் ஃபுமிதோ உவேதா தாமே தீட்டினார். இத்தாலிய ஓவியர் ஜியார்ஜியோ தெ கிரிக்கோவின் படங்களிலிருந்து தூண்டுதல் பெற்றதாக அவர் கூறியுள்ளார். மஞ்சள் வெயில் படிந்த வெறுமையான வெளி, நெடிய கட்டடங்கள், நீண்டு கிடக்கும் நிழல்கள், அவற்றினிடையே கைகோத்து ஓடும் இரண்டு மிகச்சிறிய உருவங்கள். முகம் தெரியவில்லை, பகைவர் இல்லை, ஆயுதம் கண்ணில் படவில்லை. பாலைத்திணையின் முதற்பொருளை அறிந்த தமிழ்ப் படிப்பாளிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா. வெயிலும் வெளியும் உடன்போக்கும் ஒரே சட்டத்துள் நிற்கின்றன. உவேதா நம் அகப்பாடல்களை அறிந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. நிலத்தைக் காட்டி நெஞ்சைக் காட்டும் முறை எங்கும் உண்டு என்கிறேன்.

ஐரோப்பியப் பிரதியிலும் இந்த ஓவியமே இடம்பெற்றது. அமெரிக்கப் பெட்டியில் மட்டும் கணினியால் உருவாக்கிய படமொன்று வந்தது. கொம்புள்ள சிறுவன் முன்னே பெரிதாக, கடுமையான முகத்துடன். பின்னே அந்தப் பெண். பொருளளவில் இதில் பொய் ஒன்றுமில்லை. சிறுவன் இருக்கிறான், கொம்பு இருக்கிறது, பெண் இருக்கிறாள். ஆயினும் அந்த அட்டையில் கதை இல்லை. அவர்களைச் சூழ்ந்த வெறுமை நீங்கியதும் அவர்கள் ஏன் கைகோத்தனர் என்பதும் நீங்கிவிட்டது. வெறுமையான வெளியைக் கண்டால் அமெரிக்க வாங்குவோர் கை நீட்டார் என்று யாரோ முடிவு செய்தனர். அங்கே அந்த விளையாட்டு எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அட்டையும் அதற்கொரு காரணம் என்று வெளியிட்ட நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவரே பின்னர் கருதினார்.

இந்த இடத்தில், உண்மையான அட்டை நல்லது, பொய்யான அட்டை தீயது என்று முடித்துவிட மனம் விரைகிறது. அதனைத் தடுப்பது நம் தமிழ்ப்படம் ஒன்று.

1995 தீபாவளிக்கு வெளிவந்த ‘முத்து’ 1998இல் ஜப்பான் சென்றது. டோக்கியோ ஷிபுயாவில் ‘சினிமா ரைஸ்’ என்னும் அரங்கில் இருபது வாரங்களுக்கு மேல் ஓடியதும், ரஜினிகாந்துக்கு அங்கே அன்பர் கூட்டம் உண்டானதும் நாம் அறிந்தவை. அங்கே படத்துக்கு இட்ட பெயர் பலர் கவனிக்காதது. தமிழாக்கினால் ‘முத்து: ஆடும் மகாராஜா’ என வரும். தமிழில் ‘முத்து’ என்பது ஒரு வேலைக்காரனின் பெயர். அவன் பிறப்பின் இரகசியம் படத்தின் பிற்பகுதியில்தான் அவிழ்கிறது; அப்போதும் அவன் ஜமீன்தாரின் மகன், மகாராஜா அல்லன். அந்த இரகசியத்தில் பாதியை ஜப்பானியத் தலைப்பு வாயிலிலேயே உடைத்துவிட்டது. ஆடலையும் வண்ணத்தையும் கூட்டத்தையும் முன்னிறுத்தி விளம்பரமும் செய்தனர். இந்தியா என்றவுடன் மகாராஜாவைத் தேடும் பழைய வெளிநாட்டுப் பழக்கமும் அதில் இருக்கிறது. பொருளளவில் மெகா மேனின் கைத்துப்பாக்கிக்கு இது குறைந்த பிழை அன்று.

இருந்தும் நான் இந்தத் தலைப்பை வெறுக்க முடியவில்லை. அதனை இட்டவர் டோக்கியோ நகரத்தாரை எவ்வாறு மதித்தார் என்று பாருங்கள். அறியாத மொழி, அறியாத நடிகர், மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த நீளம், கதை நடுவே பாடல். இவை அனைத்தையும் அவர்கள் தாங்குவர், தாங்குவதோடு மகிழவும் செய்வர் என்று நம்பினார். பாடலை ஒரு குறையாக மறைக்காமல் ‘ஆடும்’ என்று பெயரிலேயே வைத்தார். உண்மையில் பிழைபட்ட அட்டை. கேட்போரை மதிப்பதில் பிழைபடாத அட்டை. இக்கோவின் அமெரிக்கப் பெட்டியோ நேர் எதிர். அட்டைகளை மதிப்பிட எனக்கு இவ்விரண்டும் அளவுகோல்களாக நிற்கின்றன.

விற்பவரின் நிலையையும் எண்ண வேண்டும் என்பார் சொல்லுக்கும் இடம் தருவோம். அமெரிக்காவில் இவை பொம்மைக் கடைகளில் போர்வீரப் பொம்மைகளுக்கு அருகே விற்கப்பட்டன. வாங்குவோர் பெரும்பாலும் பெற்றோர். ஜப்பானியச் சிறுவனோ வாரந்தோறும் சித்திரக்கதை படித்துக் கோட்டோவியத்தின் மொழி அறிந்தவன். ஆகவே வேறு வேறு அட்டைகள் தேவையாயின என்ற வாதம் ஓரளவு சரியே. கடைவாடகை கொடுப்பவர்க்கு அச்சம் இருக்கும். ஆயினும் கிர்பியின் மலர்ந்த முகத்தைக் கண்டு எந்த அமெரிக்கக் குழந்தை அழுதது?

இன்று விளையாட்டுகள் பெரும்பாலும் இணையத்தின் வழியே இறக்கிக்கொள்ளப்படுகின்றன. அட்டை என்பது திரையில் நகக்கண் அளவுச் சதுரமாகச் சுருங்கிவிட்டது. எல்லா நாட்டுக்கும் ஒரே படம் போதும் என்ற நிலையும் பெருகி வருகிறது. ஒப்பிட்டு எழுத இனி அதிகம் கிடைக்காது.

நமக்கு மட்டும் இச்சிக்கல் தீர்ந்தபாடில்லை. வெளியூர்த் தமிழ்ச் சங்கங்கள் வெளியிடும் மலர்களின் மேலட்டையில் வள்ளுவர் உருவம், குத்துவிளக்கு, கோயில் கோபுரம். இத்தீவாயின் செல்லுலார் சிறையும் சேரும். கோபுரத்தை விட்டுக் கப்பலேறி வந்த தலைமுறையே அந்த அட்டைகளின் கேட்போர். அவர்க்கு அது பொருந்திற்று. இங்கேயே பிறந்து, பள்ளியில் இந்தியும் வீட்டில் தமிழும் பேசும் பிள்ளைக்குக் கோபுரம் விடுமுறைக்குச் சென்று காணும் காட்சி. அவர்களுக்கென ஒரு கதைத்தொகுதி கொணர நண்பர் சிலர் முயன்று வருகின்றனர். அட்டையில் அயல்நாட்டுக் கேலிச்சித்திரம் ஒன்றும், தலைப்பை ஆங்கில எழுத்திலும் வைத்தாலன்றிப் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்பது அவருட் பெரும்பாலோர் கருத்து. நான் மாறுபட்டேன்.

அதன் பொருட்டு ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இக்கோவின் இரு அட்டைகளையும், எது எந்நாட்டது என்று சொல்லாமல் காட்டினேன். அமெரிக்க அட்டையைக் கண்டவுடன், “இவன் யாரோடு சண்டை போடுவான்?” என்றான் ஒருவன். வினா அத்தோடு நின்றது. மற்றதைக் கையில் எடுத்தபோது வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. பிறகு வினாக்கள் வந்தன. இவர்கள் எங்கே ஓடுகிறார்கள், இது யாருடைய வீடு, வேறு ஆட்களே இல்லையா, அக்காவும் தம்பியுமா. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும், “கப்பல் எங்கே நிற்கிறது, மாமா?” என்று கேட்டாள். அவர்கள் தீவில் இருப்பதாகவே அவள் கொண்டுவிட்டாள்.

கதைத்தொகுதியின் அட்டை இன்னும் முடிவாகவில்லை. தலைப்பு தமிழ் எழுத்தில் இருக்கட்டும் என்பது வரை நண்பர்கள் இறங்கி வந்துள்ளனர்.